வணிக இருவழி வானொலிக் கருவிகளும் அமெச்சூர் அலைப்பட்டைகளும்

காவல் துறையின் ஜீப்பிலும், தீயணைப்பு வண்டியிலும், மின் வாரியத்தின் துணை நிலையத்திலும், துறைமுகத்தின் இழுவைப் படகிலும் பொருத்தப்படும் இருவழி வானொலிக் கருவி, தொழில்முறைத் தேவைக்கென்றே உருவாக்கப்படுவது. அதனைக் கையாள்பவர் ஒரு பொத்தானை அழுத்திப் பேசுகிறார். விரலை எடுத்துவிட்டுக் கேட்கிறார். அதற்கு மேல் அவர் எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. தாம் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறோம் என்பதுகூடப் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. உரிமம் வழங்கிய அரசும் கருவியை அமைத்துக் கொடுத்த பொறியாளரும் அதனை முன்னரே முடிவு செய்துவிட்டனர்.

'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையத்தாரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் தேர்வெழுதி, தம் பெயரில் உரிமமும் அழைப்புக் குறியும் பெற்றவர். தமக்கு ஒதுக்கப்பட்ட அலைப்பட்டையின் எல்லைக்குள் எந்த அதிர்வெண்ணையும் அவரே தெரிந்தெடுக்கலாம். கருவியைத் தாமே கட்டலாம், மாற்றலாம், சோதித்துப் பார்க்கலாம். முதல் வகைக் கருவி இரண்டாம் வகை மனிதரின் கைக்கு வரும்பொழுது, அதுவரை அரசிடமும் பொறியாளரிடமும் இருந்த பொறுப்பு முழுவதும் அவரிடம் வந்து சேருகிறது. வணிகக் கருவியை அமெச்சூர் அலைப்பட்டையில் பயன்படுத்துவது பற்றிய தொழில்நுட்பக் கேள்விகளும் சட்டக் கேள்விகளும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

பழைய கருவியின் மதிப்பு

இவ்வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் காவல் துறையும் டாக்சி நிறுவனங்களும் பயன்படுத்திய கருவிகள், அதிர்வெண் பண்பேற்றத்தில் 15 கிலோஹெர்ட்ஸ் விலகலுடன் இயங்கின. பேச்சொலியின் மேல் எல்லை 3 கிலோஹெர்ட்ஸ் எனக் கொண்டால், அத்தகைய ஒவ்வொரு நிலையமும் சுமார் 36 கிலோஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொண்டது. நிலையங்கள் பெருகவே, அந்நாட்டு ஆணையம் விலகலை 5 கிலோஹெர்ட்ஸாகக் குறைக்கும்படி விதித்தது. 1960களின் தொடக்கத்தில் பழைய கருவிகள் பெருமளவில் கழிக்கப்பட்டு, அமெச்சூர்களின் கைக்கு மலிவாக வந்தன. இரண்டு மீட்டர் அலைப்பட்டையில் இன்று உலகெங்கும் வழக்கத்திலுள்ள அதிர்வெண் பண்பேற்றப் பேச்சும், அதனை நெடுந்தொலைவு எடுத்துச் செல்லும் ரிப்பீட்டர் நிலையங்களும் இவ்வாறு கழிக்கப்பட்ட கருவிகளைக் கொண்டே வளர்ந்தன. பிரிட்டனில் பை நிறுவனத்தின் வண்டிக் கருவிகள் அதே பணியைச் செய்தன. வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று கருதப்பட்ட ஒரு துறை, அரசுத் துறைகள் கழித்துப் போட்ட கருவிகளால் எளியோருக்கும் எட்டியது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

வணிகக் கருவியை அமெச்சூர்கள் விரும்புவதற்கு விலை மட்டுமே காரணமன்று. அதன் உறை வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. ஜீப்பின் குலுக்கலையும் கோடையின் வெப்பத்தையும் தூசியையும் தாங்குவது. அலைவாங்கிப் பகுதியே அதன் தனிச் சிறப்பு. அமெச்சூர்களுக்கென விற்கப்படும் கருவி, பரந்த அலைவெளியைக் கேட்கும்படி அமைக்கப்படுவதால், அதன் முகப்பு வடிகட்டி தளர்வாக இருக்கும். அண்மையில் வலிமை மிக்க வேறொரு நிலையம் இயங்கினால், கேட்க வேண்டிய மெல்லிய குறியொலி அதில் அமுங்கிப் போகும். வணிகக் கருவியோ சில மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் உள்ளே விடும் கடுமையான வடிகட்டிகளைக் கொண்டது. நகரத்தில், உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் பத்து ஆன்டெனாக்களுக்கு நடுவே வைத்தாலும் அது செவிடாவதில்லை.

ஆனால் அந்தக் கடுமையே மாற்றம் செய்வோருக்கு முதல் தடையாகவும் அமைகிறது. 160 மெகாஹெர்ட்ஸுக்கென இசைவிக்கப்பட்ட வடிகட்டி, 145 மெகாஹெர்ட்ஸில் வரும் குறியொலியையும் வேண்டாதது என்றே தடுத்துவிடும்.

எல்லைக் கோடுகள்

இந்தியாவில் அமெச்சூர் பணிக்கு மிகுதியாகப் பயன்படும் உயர் அலைப்பட்டைகள் இரண்டு. ஒன்று, இரண்டு மீட்டர் பட்டை எனப்படும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. மற்றொன்று, எழுபது சென்டிமீட்டர் பட்டை எனப்படும் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. வணிகக் கருவிகள் பொதுவாக 136 முதல் 174 வரையும், 400 முதல் 470 வரையும் உள்ள பரப்புகளுக்கென உற்பத்தியாகின்றன. அமெச்சூர் பட்டைகள் இப்பரப்புகளுக்குள் அடங்குவதாலேயே மாற்றம் எளிதாகிறது. அதே காரணத்தால் தவறும் எளிதாகிறது. ஒரு சேனலின் எண்ணைத் தவறாகப் பதிவு செய்தால் அமெச்சூர் தம் பட்டையைக் கடந்து, காவல் துறைக்கோ வேறு பாதுகாப்புப் பணிக்கோ ஒதுக்கப்பட்ட இடத்தில் பேசிக்கொண்டிருப்பார். கருவி அதனைத் தடுக்காது.

வெளிநாட்டு நூல்களைப் படித்துக் கருவியை மாற்றும் மாணவர்கள் இங்கே சிறப்பாக எச்சரிக்கப்பட வேண்டியவர்கள். அமெரிக்காவில் இரண்டு மீட்டர் பட்டை 148 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் அழைக்கும் பொது அதிர்வெண் 146.52 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் அது அமெச்சூர் எல்லைக்கு வெளியே உள்ளது. எழுபது சென்டிமீட்டர் பட்டையில் வேறுபாடு இன்னும் பெரிது: அமெரிக்கரின் அழைப்பு அதிர்வெண் 446.0, ஐரோப்பியரின் அழைப்பு அதிர்வெண் 433.5. இரண்டுமே இந்திய அமெச்சூருக்கு உரியனவல்ல. இவற்றுள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, 2018இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி, குறைந்த திறனுள்ள சிறு கைக்கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. அமெச்சூர் உரிமம் வைத்திருப்பதைக் காரணம் காட்டி, 5 வாட் கருவியுடன் அங்கே நுழைய முடியாது.

பழைய கருவியை வாங்கும்பொழுதும் இக்கணக்கு உதவும். தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரிக் கருவியைப் பல பிரிவுகளாக வெளியிடுவதுண்டு: 136 முதல் 162 வரை ஒன்று, 146 முதல் 174 வரை மற்றொன்று என. இரண்டாம் பிரிவைச் சேர்ந்த கருவி அமெரிக்க அமெச்சூருக்கு அப்படியே பயன்படும். இந்திய அமெச்சூரின் பட்டையோ அது தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. அதனை ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் கீழே இழுக்க முடியும் என்று விற்பனையாளர் கூறக்கூடும். சில கருவிகளில் அது நிகழ்வதும் உண்டு. ஆனால் குளிர்ந்த காலையில் இயங்கி, நண்பகலில் அதிர்வெண்ணை இழந்துவிடும் கருவியை நம்பி எவரும் நிலையம் அமைத்தல் ஆகாது.

படிகக் கருவியை மாற்றுதல்

பழைய தலைமுறைக் கருவிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு குவார்ட்ஸ் படிகங்கள் இருந்தன. ஒன்று அனுப்புவதற்கு, மற்றொன்று வாங்குவதற்கு. இன்று இவை அரிதாகி வருகின்றன எனினும், வானொலி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பிக்க இவற்றை விஞ்சிய பாடநூல் இல்லை. அலைபரப்பியின் படிகம் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது. அடுத்தடுத்த நிலைகள் அதனைப் பெருக்குகின்றன. பெருக்கம் 12 மடங்கு எனக் கொள்வோம். 145 மெகாஹெர்ட்ஸில் பேச விரும்பினால் படிகம் 12.0833 மெகாஹெர்ட்ஸாக இருத்தல் வேண்டும். வாங்கியின் கணக்கு சற்று வேறுபடும். உள்ளே முதல் இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸ் எனில், 145இலிருந்து அதனைக் கழிக்க 134.3 வரும், அங்கே மூன்று மடங்குப் பெருக்கம் இருப்பின் தேவையான படிகம் 44.7667 மெகாஹெர்ட்ஸ்.

பெருக்கம் அதிர்வெண்ணை மட்டுமன்றிப் பிழையையும் பெருக்குகிறது என்பதை மாணவர்கள் மறப்பதுண்டு. படிகத்தில் 100 ஹெர்ட்ஸ் பிழை இருந்தால், ஆன்டெனாவில் அது 1,200 ஹெர்ட்ஸாகிறது. எனவே புதிய படிகத்தைப் பொருத்தியவுடன், அதனருகே உள்ள சிறு மின்தேக்கியைத் திருகி, அதிர்வெண் அளவியைப் பார்த்துச் சரி செய்வது கட்டாயம். அடுத்து ஒவ்வொரு நிலையின் சுருளையும் புதிய அதிர்வெண்ணுக்கு இசைவிக்க வேண்டும். இவ்வேலையின்போது கருவியை ஆன்டெனாவுடன் இணைப்பது கூடாது. 50 ஓம் தடையுள்ள போலிச் சுமையில் திறனைச் செலுத்தி, வாட் அளவியில் பார்த்தல் வேண்டும். ஏனெனில் சரியாக இசைவிக்கப்படாத பெருக்கி நிலை, வேண்டிய அலையுடன் வேண்டாத அலைகளையும் பிறப்பிக்கும். ஆன்டெனா இரண்டையும் வேறுபாடின்றி வெளியே அனுப்பிவிடும்.

வேண்டாத அலைகள் என்று கூறுவதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 145 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பரப்பி, அதன் இரு மடங்கான 290இலும் மும்மடங்கான 435இலும் சிறிதளவு ஆற்றலை உமிழும். 435 மற்றோர் அமெச்சூர் பட்டைக்குள் விழுகிறது. அங்கே தொல்லைப்படுபவர் மற்றோர் அமெச்சூர். 290 அவ்வாறன்று, அது பிற பணிகளுக்கு உரிய இடம். நல்ல வணிகக் கருவியின் வெளியீட்டில் உள்ள தாழ்நிலை வடிகட்டி இவற்றை அடக்கிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ள மலிவான கைக்கருவிகள் சிலவற்றில் இவ்வடிகட்டி போதுமான அளவில் இல்லை. எல்லா அதிர்வெண்களிலும் இயங்கும் என்ற விளம்பரத்தைக் கண்டு அவற்றை வாங்குவோர், இருபது ஆண்டுகள் உழைத்த காவல் துறைக் கருவி அதனினும் தூய்மையாகப் பரப்பும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அகல விலகலும் குறு விலகலும்

பிந்தைய தலைமுறைக் கருவிகளில் படிகம் ஒன்றே. மற்ற அதிர்வெண்கள் அனைத்தும் அதிலிருந்து மின்னணுச் சுற்றால் தொகுக்கப்படுகின்றன. சேனல்களைக் கணிப்பொறியின் துணையால் பதிவு செய்கின்றனர். இங்கே திருகாணியும் சுருளும் பின்னுக்குச் செல்ல, தயாரிப்பாளரின் மென்பொருளும் அதற்குரிய கேபிளும் முன்னுக்கு வருகின்றன. பத்து ரூபாய் மதிப்புள்ள இணைப்பு முனை கிடைக்காமல், குறையேதும் இல்லாத கருவி அலமாரியில் உறங்குவதும் உண்டு. சில பழைய மாதிரிகளைப் பதிவு செய்ய, வழக்கொழிந்த இயக்க முறையுடன் கூடிய பழைய கணிப்பொறியையே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பதிவு செய்யும்போது அதிர்வெண்ணுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது விலகல். 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சேனலில் விலகல் 5 கிலோஹெர்ட்ஸ். அடைக்கும் இடம் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் விலகல் 2.5; அடைக்கும் இடம் சுமார் 11. வணிகப் பணிகள் பல நாடுகளில் குறுகிய முறைக்கு மாறிவிட்டன. அமெரிக்காவில் பெரும்பான்மையான வணிக நிலையங்களுக்கு 2013 ஜனவரி 1 இறுதி நாளாக அமைந்தது. அமெச்சூர் பட்டையிலோ அகலமான முறை இன்றும் பரவலாக வழங்குகிறது. குறுகிய முறையில் அமைந்த கருவியுடன் அகல முறை நிலையத்தில் பேசினால் குரல் தாழ்ந்து ஒலிக்கும். மறுமுனையில் இருப்பவர் ஒலிக் கட்டுப்பாட்டை உயர்த்திக்கொண்டே செல்வார். அகல முறையில் பேசியதைக் குறுகிய முறைக் கருவியில் கேட்டால், உரத்த சொற்கள் சிதைந்து, வெட்டுண்டு ஒலிக்கும். அமைதியான மாலைப் பேச்சில் இது சிறு எரிச்சல். வெள்ளத்தில் சிக்கியோரின் எண்ணிக்கையையும் ஊரின் பெயரையும் தெரிவிக்கும்போது இதுவே பிழையான செய்தியாகும்.

அகல முறையின் தேவையை மாணவர்கள் தாமே உணர்வதற்கு ஒரு வழி உண்டு. அனைத்துலக விண்வெளி நிலையத்திலுள்ள அமெச்சூர் வானொலி, 145.800 மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண் பண்பேற்றத்துடன் பூமிக்கு அனுப்புகிறது. மாற்றியமைக்கப்பட்ட வணிகக் கருவியால் அதனைத் தடையின்றிக் கேட்கலாம். நிலையம் நம்மை நெருங்கி வரும்போதும் விலகிச் செல்லும்போதும் டாப்ளர் விளைவால் அதிர்வெண் சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும். அகல முறை வாங்கி இதனைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். குறுகிய முறை வாங்கியில் தொடக்கமும் முடிவும் இரைச்சலாகவே கழியும். எனினும் எல்லாச் செயற்கைக்கோள்களும் இவ்வாறு வணிகக் கருவிக்கு எட்டுவன அல்ல. 2005 மே 5 அன்று இந்தியா விண்ணில் செலுத்தி, 2014 ஜூலை வரை இயங்கிய ஹாம்சாட், ஒற்றைப் பக்கப்பட்டை முறையைப் பயன்படுத்தியது. அதிர்வெண் பண்பேற்றம் ஒன்றையே அறிந்த வணிகக் கருவியால் அதன் வழியே பேச இயலவில்லை. 145.8 முதல் 146 வரையுள்ள பகுதியைச் செயற்கைக்கோள்களுக்கென விட்டுவைப்பது அமெச்சூர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. வணிகக் கருவியில் சேனல்களைப் பதிவு செய்வோர் அங்கே உள்ளூர்ப் பேச்சுக்கு இடம் வைக்கலாகாது.

வணிகக் கருவிகளில் 67.0 முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த தொனிகளைக் குரலுடன் சேர்த்து அனுப்பும் வசதி உண்டு. உரிய தொனி வந்தாலன்றி ஒலிபெருக்கி திறவாது. ஒரே சேனலைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதற்கென ஏற்பட்ட ஏற்பாடு இது. அமெச்சூரும் இதனால் பயன் பெறலாம். ஆனால் ஒலிபெருக்கி அமைதியாக இருக்கிறது என்பதனால் சேனல் காலியாக இருக்கிறது என்று அவர் கருதிவிடக் கூடாது. பேசுமுன் கேட்டல் என்பது அமெச்சூரின் முதற்கடமை. ஆகவே தொனித் தடையை விலக்கிக் கேட்கும் பொத்தான் இயங்குமாறு கருவியைப் பதிவு செய்தல் வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் பேச்சு நீண்டால் பரப்பியைத் தானே நிறுத்திவிடும் ஏற்பாடும் வணிகக் கருவியிலேயே உள்ளது. இருக்கையின் இடுக்கில் சிக்கிய ஒலிவாங்கி, ஒரு மாவட்டத்தின் செய்தித் தொடர்பையே மணிக்கணக்கில் முடக்கிவிடக்கூடும் என்பதை அறிந்தவர்கள் இதனை நீக்கத் துணிய மாட்டார்கள்.

மலை உச்சியில்

வணிகக் கருவி தன் முழுத் தகுதியையும் காட்டுமிடம் ரிப்பீட்டர் நிலையம். ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை, அதே கணத்தில் மற்றோர் அதிர்வெண்ணில் மீண்டும் பரப்புவது அதன் பணி. நேர்க்கோட்டில் செல்லும் இவ்வலைகளுக்கு உயரமே தொலைவு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், சமநிலத்தில் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். மனிதரின் கையிலுள்ள கருவிக்கு அது சுமார் 5 கிலோமீட்டர். 400 மீட்டர் குன்றின் மேலுள்ள நிலையத்துக்கு 82 கிலோமீட்டர்.

இரண்டு மீட்டர் பட்டையில் கேட்கும் அதிர்வெண்ணுக்கும் பரப்பும் அதிர்வெண்ணுக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடே வழக்கம். பரப்பி 25 வாட் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, வாங்கி கால் மைக்ரோவோல்ட் அளவுள்ள குறியொலியைக் கேட்க வேண்டும். இவ்விரண்டு திறன்களுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 200 கோடி கோடி மடங்கு. இத்தகைய சோதனையில் வணிகக் கருவியின் கடுமையான வடிகட்டியும், அதனுடன் பொருத்தப்படும் டியூப்ளெக்சர் என்னும் உலோகக் குழிகளின் தொகுதியும் இல்லையேல் நிலையம் தன் குரலையே கேட்டுத் தடுமாறும்.

ஆயினும் வண்டிக்கென அமைந்த கருவியை அப்படியே மலையில் வைத்துவிடுவது தவறு. வண்டியில் ஒருவர் சில விநாடிகள் பேசிப் பல நிமிடங்கள் கேட்பார். ரிப்பீட்டரோ இடையறாது பேசும். 13.6 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்துக்கொண்டு 25 வாட் பரப்பும் கருவியில், எஞ்சிய 43 வாட் வெப்பமாக மாறுகிறது. திறனைப் பாதியாகக் குறைத்து, மின்விசிறி பொருத்தினால் கருவி நீடித்து உழைக்கும்; கேட்போருக்கு வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது.

உரிமமும் உடைமையும்

இந்தியாவில் கம்பியில்லாத் தொடர்பு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழும், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கீழும் நெடுங்காலம் நெறிப்படுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் பதிலாக 2023இல் நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெச்சூர் பணிக்கான தனி விதிகள் 1978இல் வகுக்கப்பட்டன. அலைவரிசைகளைத் திட்டமிட்டு ஒதுக்கும் பொறுப்பு, 1952இல் அமைக்கப்பட்ட கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவைச் சார்ந்தது. பொதுமக்களும், சில வேளைகளில் அலுவலர்களும் மயங்குமிடம் ஒன்று உண்டு. 1933ஆம் ஆண்டுச் சட்டம், உரிமமின்றிக் கருவியைப் பயன்படுத்துவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பழைய பொருள்களின் சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது என்பதனால் எவரும் அதனை வாங்கி வீட்டில் வைக்கலாம் என்றாகிவிடாது. இணைய வணிகத் தளங்களில் வாக்கி-டாக்கிகள் முறையான விவரமின்றி விற்கப்படுவதைக் கண்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் நடவடிக்கை மேற்கொண்டதும் இக்காரணம் பற்றியே.

அமெச்சூர் உரிமம், பயிற்சிக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் தமக்குள் பேசுவதற்கும் உரியது. பொருள் ஈட்டுவதற்கு உரியதன்று. ஆதலின் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் உரிமையாளர் அமெச்சூர் உரிமம் பெற்றிருந்தாலும், தம் லாரிகளை 145 மெகாஹெர்ட்ஸில் இயக்க முடியாது. தலைகீழான தவறும் உண்டு. தனியார் நிறுவனத்துக்கென ஒதுக்கப்பட்ட சேனலும் அமெச்சூர் சேனலும் ஒரே கருவியில் பதிவாகி இருந்தால், விரல் சற்றுப் பிசகினாலும் ஒரு பணியின் பேச்சு மற்றதில் விழும். இரு பணிகளுக்கும் தனித்தனி உரிமம் இருந்தாலும், கருவிகளும் தனித்தனியே இருப்பதுதான் நல்லது.

மறைக்குறியீடு பற்றிய விதியும் வணிகக் கருவி வைத்திருப்போர் அறிய வேண்டியது. இன்றைய டிஜிட்டல் வணிகக் கருவிகள் பலவற்றில் பேச்சைப் பிறர் விளங்கிக்கொள்ள முடியாதபடி மாற்றும் ஏற்பாடு உள்ளது. அமெச்சூர் பணியில் பொருளை மறைத்துப் பேசுவதை அனைத்துலக வானொலி ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. செயற்கைக்கோளைக் கட்டுப்படுத்தும் கட்டளைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. துறை கழித்த கருவியில் அத்தகைய ஏற்பாடு எஞ்சியிருப்பின், முதல் நாளிலேயே அதனை நீக்கிவிட வேண்டும்.

பேரிடர்க் காலத்தில்

அமெச்சூர் நிலையங்கள் பேரிடர் நிவாரணத்துக்காகப் பிறர் சார்பில் செய்தி அனுப்பலாம் என்பதை 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு வெளிப்படையாக ஏற்றது. அடுத்த ஆண்டே அதற்கான தேவை எழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் குழு ஒன்று வேறொரு நோக்கத்துக்காக முகாமிட்டிருந்தது. தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே அவர்கள் செய்திகளைக் கொண்டு சேர்த்தனர். அத்தொலைவுக்கு உதவியது உயர் அதிர்வெண் குற்றலைகளே. இரண்டு மீட்டர் கருவியால் அது இயலாது. இரண்டு மீட்டர் கருவியின் இடம், நிவாரண முகாமுக்கும் மருத்துவமனைக்கும், மருத்துவமனைக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில கிலோமீட்டர்களே. மேற்கு வங்கத்தின் கங்காசாகர் மேளாவில் காணாமற்போன யாத்திரிகர்களை உறவினருடன் சேர்த்து வைக்கும் அமெச்சூர்களின் பணி, பேரிடர் இல்லாத நாளிலும் அத்தகைய தொடர்பு எவ்வளவு தேவை என்பதற்குச் சான்று.

இங்கேதான் அரசு அலுவலர்கள் முடிவு செய்ய வேண்டிய ஒன்று உள்ளது. காவல் துறையும் பிற துறைகளும் படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாறும்பொழுது, நல்ல நிலையிலுள்ள பழைய கருவிகள் கழிவாகின்றன. அவற்றை எடைக்கு ஏலம் விட்டால், துறையின் அதிர்வெண்கள் பதிவாகியுள்ள கருவி எவர் கைக்குச் செல்கிறது என்பதை அறிய வழியில்லை. உடைத்து நொறுக்கினால் பாதுகாப்பு உண்டு, பயன் இல்லை. மூன்றாவது வழி, அவற்றை உரிமம் பெற்ற அமெச்சூர் கழகங்களுக்கும், அத்தகைய நிலையமுள்ள பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒப்படைப்பது. அவ்வாறு செய்யுமுன் துறையின் பணிமனையிலேயே சேனல்களையும் அழைப்புக் குறியீடுகளையும் அழித்து, ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும் பெறுபவரின் உரிம எண்ணையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். பெறும் கழகம் 144 முதல் 146 வரையிலான சேனல்களை மட்டும் பதிவு செய்து, முன் பலகையிலிருந்தே அதிர்வெண்ணை மாற்றும் வசதி இருப்பின் அதனையும் முடக்கி வைக்கலாம். வணிகக் கருவியில் சுழற்றித் தேடும் குமிழ் இல்லை என்று அமெச்சூர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. பயிற்சி குறைந்த தன்னார்வத் தொண்டரின் கையில் கொடுக்கும்போது அக்குறையே நன்மையாகிறது.

ஒப்படைத்த கருவிகளை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேசைக்குக் கொண்டுவந்து, அதிர்வெண், விலகல், வெளியீட்டுத் திறன், மின்கலத்தின் நிலை ஆகிய நான்கையும் அளந்து எழுதி வைப்பது கழகத்தின் வேலை. கருவி பழுதாவதற்கு முன் பெரும்பாலும் மின்கலமே பழுதாகிறது. மாற்று மின்கலம் சந்தையில் கிடைக்காத மாதிரிகளை இலவசமாகக் கொடுத்தாலும் பெறாதிருப்பதே மேல்.